முனை பொருந்தும், படம் வராது

போன மாதம் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் கடைக்கு வந்தார். மஞ்சப்பையில் பத்து அங்குல நெட்புக் என்னும் சின்ன லேப்டாப், கூடவே ஒரு கேபிள். வீட்டில் ட்யூஷன் எடுக்கிறார். ஆய்வக வீடியோக்களைப் புது டிவியில் போட்டுக் காட்ட வேண்டுமாம். "தம்பி, கேபிள் ரெண்டு பக்கமும் கச்சிதமா உட்காருது. டிவி மட்டும் நோ சிக்னல்னே சொல்லுது. போர்ட் போயிடுச்சா பாருங்க" என்றார்.

போர்ட் நன்றாகத்தான் இருந்தது. கேபிளின் ஒரு முனை பழைய கம்ப்யூட்டர்களின் விஜிஏ, மறுமுனை புது டிவிகளின் எச்டிஎம்ஐ. "சார், இதை அறுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். சரி என்றார். எச்டிஎம்ஐ முனையின் பிளாஸ்டிக்கைப் பிளேடால் பிளந்தேன். உள்ளே கலர் கலராக வயர், நுனியில் ஈயப்பற்று, அவ்வளவுதான். சிப் என்று கடுகளவுகூட எதுவும் இல்லை.

விஜிஏ 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்தது. மூன்று வரிசையில் 15 பின். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறி இறங்கும் மின்னழுத்தமாகவே, அதாவது அனலாக்காக, அதில் போகும். எச்டிஎம்ஐ 2002 கடைசியில் வந்தது. 19 பின், படம் முழுக்க டிஜிட்டல். விஜிஏவை எச்டிஎம்ஐயாக மாற்ற நடுவில் ஒரு சிப் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். வெறும் செம்புக் கம்பியால் ஆகாது. நான் சொல்லி முடிப்பதற்குள் ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். "அனலாக் டு டிஜிட்டல்! வருஷா வருஷம் நானே நடத்தின பாடம்!"

இன்னொரு பொறியும் உண்டு. கடைகளில் அதிகம் கிடைப்பது 'எச்டிஎம்ஐ டு விஜிஏ' கன்வெர்ட்டர். புது லேப்டாப்பைப் பழைய புரொஜெக்டரில் மாட்டுபவர்களுக்கானது அது. திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. அட்டையில் முதலில் எழுதியிருப்பது லேப்டாப் பக்கம், அடுத்தது டிவி பக்கம். நெட்புக்காரர்களுக்கு வேண்டியது 'விஜிஏ டு எச்டிஎம்ஐ'. விஜிஏவில் ஒலி வராது, சிப்புக்கும் தனியாக மின்சாரம் வேண்டும். அதனால் அந்த டப்பாவில் யுஎஸ்பிக்கு ஒரு வழி, ஹெட்போன் துளையிலிருந்து ஒலி வர ஒரு வழி இருக்கும். இந்த இரண்டும் இருப்பதையே வாங்குங்கள்.

அதற்கு முன்னால் டிவியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் பழைய எல்சிடி என்றால் 'பிசி இன்' என்ற பெயரில் விஜிஏ துளையே இருக்கலாம். சாதாரண விஜிஏ கேபிளும் ஒரு ஆடியோ வயரும் போதும். புது மெல்லிய லேப்டாப்களில் டைப்-சி மட்டும் இருக்கிறதே என்றால், எல்லா டைப்-சியும் படம் அனுப்பாது. மாடல் விவரத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாட்டியபின் ரிமோட்டில் சரியான எச்டிஎம்ஐ சோர்ஸைத் தேர்ந்தெடுங்கள், லேப்டாப்பில் விண்டோஸ் பட்டனுடன் 'P' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். அந்த நெட்புக்கின் திரை 1024க்கு 600 பிக்சல். பல டிவிகளுக்கு அந்த அளவு பிடிக்காது. 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' கொடுத்து 1280க்கு 720 வைத்தேன், படம் வந்தது. ஓரம் வெட்டுப்பட்டால் அது டிவியின் வேலை. பிக்சர் சைஸில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று தேடுங்கள். 1080 வீடியோ போட்டு நெட்புக்கின் 'ஆட்டம்' (Atom) என்ற சின்ன பிராசசரை வதைக்காதீர்கள், படம் திக்கும்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வேறு. லேப்டாப் சார்ஜரின் மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகி எர்த்தை விட்டுவிடுகிறார்கள். அப்போது போர்ட்டின் உலோகத்தைத் தொட்டால் விரலில் சுள்ளென்று உறைக்கும். டிவியிலோ மொட்டை மாடியிலிருந்து வரும் கேபிள் வயர், அதன் மின்னழுத்தம் வேறு. இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் அந்த மின்னழுத்த வித்தியாசத்தால் மின்சாரம் போர்ட் வழியாகத்தான் பாயும். மற்றதெல்லாம் நன்றாக இருந்து எச்டிஎம்ஐ மட்டும் செத்துப்போன டிவிகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். அப்புறம் டிவிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டையே மாற்ற வேண்டிவரும். டிவியைச் சுவர் சுவிட்சில் அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், பிறகு மாட்டுங்கள். இடி மின்னல் நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

ஆசிரியர் சரியான டப்பாவை வாங்கிக்கொண்டார். அறுத்த கேபிளைக் குப்பையில் போடப் போனேன். "அதைக் கொடுங்க தம்பி, பிள்ளைங்களுக்குக் காட்டணும்" என்று மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.