ட்ரிப் சுவிட்ச் இருந்தும் வீடு ஏன் பற்றுகிறது?

வயரிங் வேலைக்குப் போகும் வீடுகளில் தீப்பிடிக்கிற பேச்சை எடுத்தால் அடிக்கடி கேட்கும் பதில் இது: “ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே தம்பி, மறுகா என்ன பயம்?”

ட்ரிப் சுவிட்ச் முக்கியமாக ஆளுக்குக் கரண்ட் அடிக்காமல் காப்பாற்றத்தான். வீடுகளில் பூட்டுவது பெரும்பாலும் 30 மில்லியம்பியர் வகை. அந்தளவு கரண்ட் வழிதவறி நிலத்துக்குப் போனால் விழுந்துவிடும். ஆனால் பிளக் பொயின்ட்டுக்குள் வயரை இறுக்கிப் பிடிக்கும் ஆணி ஒன்று தளர்ந்து சூடாகிறது என்றால் அதற்குத் தெரியாது. கரண்ட் வழி மாறவில்லை, அளவும் கூடவில்லை. தளர்ந்த அந்த ஓர் இடம் மட்டும் கொதிக்கும். கரண்ட் அளவு மீறினால் விழுகிற பிரேக்கர் பக்கத்திலேயே இருக்கும், அதுவும் பேசாமல் இருக்கும்.

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வீட்டுக் குசினியில் சில நாளாக மீன் வாடை. பூனையின் வேலை என்று நினைத்து அந்த அக்கா அலுமாரியை எல்லாம் இழுத்துக் கழுவியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டது ஃபேன் பூட்ட. ஃபிரிட்ஜ் பொயின்ட்டில் கை வைத்தேன், சுட்டது. மெயினை நிறுத்திக் கழற்றினால், லைவ் வயரின் உறை ஒரு விரல் நீளத்துக்குக் கறுத்துப் பொருக்காகியிருந்தது. ஆணியில் பச்சைக் களிம்பு, விரலாலேயே சுற்ற முடிந்தது. சில வகைப் பிளாஸ்டிக் சூடேறினால் அழுகிய மீன் மாதிரியே மணக்கும். மீன் மணக்காத குசினி மட்டக்களப்பில் ஏது? அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

நாவலடி, காத்தான்குடி, கல்முனை என்று கடலோரம் முழுக்க உப்புக்காற்று ஆணிகளை இப்படித்தான் அரிக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளின் வயரிங்குக்கும் இப்போது இருபது வயது. அப்போது ஃபேன், டிவி, நாலு பல்ப். இப்போது ரைஸ் குக்கர், கேத்தல், அயன்.

13 அம்பியர் பொயின்ட் ஒன்று ஏறக்குறைய 3000 வாட் தாங்கும். கேத்தல் 2000, அயன் 1000, ரைஸ் குக்கர் 700 வாட் என்று மூன்றையும் ஒரு மல்டி பிளக்கில் செருகினால் 16 அம்பியர் தாண்டுகிறது. பிரேக்கர் 32 அம்பியர் என்றால் 16 அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சூடு முழுவதும் அந்த மலிவு மல்டி பிளக்குக்குத்தான்.

இதைவிட எனக்கு எரிச்சல் வருவது, சதுரப் பொயின்ட்டின் மேல் ஓட்டையைப் பேனையால் அமர்த்தி உருண்டைப் பின் பிளக்கைச் செருகுவதைப் பார்க்கும்போது. உள்ளே இருக்கும் தகடு சதுரப் பின்னுக்குச் செய்தது. உருண்டைப் பின் அதில் நன்றாகப் படியாது, தகட்டையும் அகட்டிவிடும். சதுர பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸும் இதில் கிடையாது. பிளக்கை மாற்றப் பெரிய செலவில்லை, மாற்றிவிடுங்கள்.

கேஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 கடைசியில் நாடு முழுக்க கேஸ் அடுப்புகள் வெடித்தபோது பலரும் கேஸ் கசிகிறதா என்று ரெகுலேட்டரில் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தார்கள். இப்போது அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு. கேஸ் காற்றைவிடப் பாரம், தரையோடு தேங்கும். கேஸ் மணம் வந்தால் கதவு ஜன்னலைத் திறவுங்கள். சுவிட்ச் எதையும் தொட வேண்டாம், நிறுத்துவதற்குக்கூட.

சரி, பொயின்ட்டுக்கு என்ன செய்யலாம்? கேத்தல் கொதித்து முடிந்ததும் சுவிட்சை நிறுத்திவிட்டு, உலர்ந்த கையால் பிளக்கின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடோ, பழுப்பு நிறமோ, சர்ரென்ற சத்தமோ இருந்தால் அதை இனிப் பாவிக்க வேண்டாம். பொயின்ட்டில் புகை வந்தால் முதலில் மெயின் சுவிட்ச். தண்ணீர் ஊற்றவே கூடாது.

அடுத்த தடவை ஃபேன் பூட்ட ஆள் வரும்போது, குசினிப் பொயின்ட்டுகளைக் கழற்றி ஆணிகளை இறுக்கித் தரச் சொல்லுங்கள். மெயினை நிறுத்தாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிற ஆள் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.