ஓரமாகத்தானே நிறுத்தியிருக்கிறேன்

போன ஞாயிறு இரவு, கணுக்கால் முறிந்த ஒருவரை ஸ்ட்ரெச்சரில் வைத்து, ஆள் மாற்றி ஆள் தூக்கி, மூன்று மணி நேரம் இருட்டில் இறக்கிக்கொண்டு வந்தோம். தார்ச்சாலையைத் தொட்டதும் பார்த்தால் ஆம்புலன்ஸ் இல்லை. கீழே கொண்டை ஊசி வளைவில், மலையேற வந்தவர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நிறுத்திவிட்டுப் போன கார்களுக்கு நடுவே நுழைய முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தது. வலியில் துடிக்கிற மனிதரை இன்னும் ஒரு கிலோமீட்டர் சுமந்தோம். மலை மீட்பு வேலையில் இந்தக் காட்சியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

"ஓரமாகத்தானே நிறுத்தியிருக்கிறேன், ஒரு கார் தாராளமாகப் போகுமே" என்கிறார்கள். கார் போகும். நீளமான வண்டி வளைவில் திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், அதற்கு இடம் எங்கே? வளைவில் நிறுத்தாதீர்கள். பூட்டியிருக்கிற கேட்டின் முன்னாலும் நிறுத்தாதீர்கள், எங்கள் வண்டி உள்ளே போவது அந்த வழியாகத்தான். காய்ந்த புல்மேல் வேண்டவே வேண்டாம், ஓடி வந்த வண்டியின் அடிப்பாகச் சூட்டிலேயே புல் பற்றிக்கொள்ளும்.

சரி, இதைவிட என்னைக் கோபப்படுத்துவது இன்னொன்று. பாதை தொடங்குகிற இடத்தில் வண்டி நிறுத்த இடம் இல்லையென்றால் கீழே எங்காவது வண்டியைப் போட்டுவிட்டு நடந்தால் போச்சு என்கிற நினைப்பு. முறையான இடமாக இருந்தால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் அந்த நடையையும் கணக்கில் சேருங்கள். யாரும் சேர்ப்பதில்லை! நெய்ஸ்மித் என்கிற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். போக வர 12 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம் என்று வையுங்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரம். இப்போது வண்டியை 2 கிலோமீட்டர் தள்ளி, 150 மீட்டர் கீழே விட்டிருக்கிறீர்கள். போக வர 4 கிலோமீட்டர் கூடுகிறது, ஏற்றமும் கூடுகிறது, மொத்தம் ஐந்து மணி நேரம். இது நிற்காமல் நடக்கிற, பழக்கமுள்ளவரின் கணக்கு. பழக்கமில்லாதவர்கள் இன்னும் பாதியைச் சேர்த்து ஏழரை என்றே வைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் சாப்பிட, இளைப்பாற, படம் எடுக்க ஆகிற நேரம் இல்லாமல். இடம் தேடிச் சுற்றிவிட்டுப் பத்தரைக்கு நடக்கத் தொடங்கினால் எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக் குழு பத்தரைக்குத்தான் தொடங்கியது. பலகையில் போட்டிருந்த 12 கிலோமீட்டரை மட்டும் பார்த்திருந்தார்கள். விழுந்தது இறக்கத்தில், செல்போன் வெளிச்சத்தில், கால் ஓய்ந்துபோன நேரத்தில்.

அதனால் விடியும்போதே வந்துவிடுங்கள். பேருந்து ஏதாவது போகிறதென்றால் அதில் வாருங்கள், அது இன்னும் நல்லது. இடம் இல்லையா, திரும்பிப் போங்கள், அல்லது பக்கத்தில் இருக்கிற சின்னப் பாதைக்குப் போங்கள். அந்த இரண்டாவது திட்டத்தை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்த பிறகு யாருக்கும் மனசு வராது. எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. ஆளுக்கு ஒரு ஹெட்லேம்ப், அதாவது தலையில் மாட்டுகிற விளக்கு, பகல் நடைதான் என்றாலும். ஒரு மேல்சட்டையும் வேண்டும், 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும்.

அப்புறம், தயவுசெய்து, எந்தப் பாதை, வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். தேடத் தொடங்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது உங்கள் வண்டியைத்தான். இறங்கியதும் மறக்காமல் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், சாப்பிடப் போவதற்கு முன்னாலேயே.