நாளுக்கு ஒரு எண், ஐம்பது முறை

2020 மே முதல் வாரம். கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்களுக்கு அடுத்தடுத்து கொரோனா உறுதியாக, கடலூர் மாவட்டத்தில் ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் கூடியது. சுகாதாரத் துறை நாளுக்கு ஒருமுறை, மாலையில்தான் எண்ணிக்கையை வெளியிட்டது. மஞ்சக்குப்பத்திலும் முதுநகரிலும் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவர்களோ விடிந்ததிலிருந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நாளுக்கு ஒருமுறை மாறுவதை ஐம்பது முறை பார்த்தால் என்ன கிடைக்கும்? பழைய செய்தியே புதுத் தலைப்போடு வரும். கூடவே, "பக்கத்துத் தெருவுல மூணு பேராம்" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ்.

சிக்கல் என்னவென்றால், மூளை இதையெல்லாம் தனித்தனி ஆபத்தாகவே எண்ணும். சுலபமாக நினைவுக்கு வருவது அடிக்கடி நடப்பதாகவும் தோன்றும் என்று உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1973-லேயே விளக்கினார்கள். ஒரே ஆம்புலன்ஸ் வீடியோ ஐந்து குரூப்பில் வந்தால் மனசுக்குள் ஐந்து ஆம்புலன்ஸ் ஓடும். வெந்நீர் குடித்தால் வைரஸ் செத்துவிடும் என்ற கதையும் நாலாவது முறை கேட்கையில் நிஜம்போலப் படும்.

பயச் செய்தியைக் கண்டதும் மூளையில் ஆபத்தை உணரும் பகுதியான அமிக்டலா விழித்துக்கொள்கிறது. அட்ரினல் சுரப்பி அட்ரினலின், கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன்களை இறக்குகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயார். ஆனால் நாம் உட்கார்ந்திருப்பது சோபாவில்! படபடப்பு போக வழியில்லாமல் தூக்கத்தைக் கெடுக்கிறது. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த ஆய்வு இன்னும் விசித்திரம்: முதல் வாரத்தில் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளில் மூழ்கியவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட மன அழுத்தம் அதிகம்.

தெரிந்தும் ஏன் விட முடிவதில்லை? உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனையில், எந்தக் கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாதபோதுதான் புறாக்கள் விடாமல் கொத்தின. எப்போதாவது உருப்படியான தகவல் ஒன்று சிக்குவதால்தான் விரலும் நிற்பதில்லை.

கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் மீனவர்கள் எண்ணைப் பார்ப்பார்கள், படகைக் கட்டுவார்கள். எண் மாறும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பதில்லை. நாளுக்கு ஓரிரு முறை, குறித்த நேரத்தில் பார்த்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். அதற்காக அடியோடு கண்ணை மூடிக்கொள்வதும் சரியில்லை. தொற்று பரவும்போது பரிசோதனை எங்கே, தடுப்பூசி எப்போது என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். அரசு அறிக்கை வந்த பிறகு ஒருமுறை பார்க்கலாம், படுக்கப்போகும் முன் வேண்டாம். டிவியை மியூட்டில் ஓடவிடுவதும் கணக்கில் சேரும். கீழே ஓடும் எழுத்தைக் கண் படித்துக்கொண்டேதான் இருக்கும்.