கல்லறைக் கல்லில் எந்தச் சின்னம்? அமெரிக்க ராணுவத்தில் பிள்ளை இருக்கும் பெற்றோருக்கு

வக்கீலான என்னிடம் உயில் எழுத வரும் நம்மவர்கள், வீடு யாருக்கு, 401கே ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குக்கு நாமினி யார், பிள்ளைகளுக்குக் கார்டியன் ஊரில் இருக்கும் தம்பியா, பக்கத்துத் தெரு நண்பரா என்று ஒரு மணி நேரமாவது பேசுவார்கள். கல்லறை என்று நான் ஆரம்பித்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும். “நமக்கு எதுக்குங்க அதெல்லாம், எரிச்சு அஸ்தியை ராமேஸ்வரத்துல கரைச்சுடுவாங்க.”

மகனோ மகளோ அமெரிக்க ராணுவத்தில் இருந்தால் இதை அப்படி ஒதுக்கிவிட முடியாது. தகுதியுள்ள முன்னாள் படைவீரருக்கும், பணியில் இருக்கும்போதே இறந்தவருக்கும் முன்னாள் படைவீரர் நலத்துறை (இங்கே எல்லோரும் வி.ஏ. என்றுதான் சொல்வோம்) கல்லறைக் கல்லை இலவசமாகத் தருகிறது. எந்த நாட்டில் அடக்கம் செய்தாலும் கல் வரும். நிற்க வைக்கும் பளிங்குக் கல் என்றால் 42 அங்குல நீளம், 13 அங்குல அகலம், 4 அங்குல கனம். எடை ஏறக்குறைய 230 பவுண்டு. தனியார் மயானத்தில் அதை நட்டு வைக்கும் செலவு மட்டும் குடும்பத்துடையது. எரித்தவர்களுக்கும் கல் உண்டு. அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டாலும் மயானம் ஒன்றில் நினைவுக்கல் வைக்கலாம். அதன் தலைப்பில் ‘இன் மெமரி ஆஃப்’ என்ற வாசகம் கட்டாயம். ஆக, ராமேஸ்வரத்தில் கரைத்தவருக்கும் விர்ஜினியாவில் ஒரு கல் இருக்க முடியும்.

கல்லுக்கான விண்ணப்பம் படிவம் 40-1330. பெயர், பணியாற்றிய படை (தரைப்படை, கடற்படை போன்றது), பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு ஆகியவை கட்டாயம். நம்பிக்கைச் சின்னம் விருப்பத்துக்கு உட்பட்டது. குடும்பங்கள் தடுமாறும் இடம் இந்தச் சின்னக் கட்டம்தான். படிவம் கைக்கு வரும்போது சாவு நடந்து சில நாள்தான் ஆகியிருக்கும். வீடு நிறைய ஆள் இருக்கும்; ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

இன்று வி.ஏ. பட்டியலில் எழுபதுக்கும் மேற்பட்ட சின்னங்கள் இருக்கின்றன. சிலுவையிலேயே பல வகை. தாவீதின் நட்சத்திரம், பிறையும் நட்சத்திரமும், பௌத்தத்தின் தர்மச்சக்கரம், இந்துக்களுக்கான ஓம், சீக்கியரின் கண்டா என்ற வாள் சின்னம், பஹாயின் ஒன்பது முனை நட்சத்திரம் எல்லாம் உண்டு. கடவுள் மறுப்பாளருக்கு அணுவின் வடிவம் இருக்கிறது. மனிதநேயருக்குத் தனிச் சின்னம் இருக்கிறது.

இந்தப் பட்டியல் தானாக நீளவில்லை. நெவாடா தேசியக் காவல்படையின் சார்ஜென்ட் பேட்ரிக் ஸ்டூவர்ட் 2005 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானில் ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். அவர் விக்கா மதத்தவர். இயற்கையை வழிபடும் நவீன மதம் அது. வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம் வேண்டும் என்று அவர் மனைவி கேட்டார். பட்டியலில் இல்லை என்று வி.ஏ. மறுத்தது. விக்கா அமைப்புகள் இதே சின்னத்தைக் கேட்டு அதற்கும் பல ஆண்டுகள் முன்பிருந்தே விண்ணப்பித்து வந்தன. அந்த இடைவெளியில் வேறு மதங்களின் சின்னங்கள் ஏறிக்கொண்டேதான் இருந்தன. மத்திய அரசு அசையாததால், 2006-இல் நெவாடா மாநில அரசே ஃபெர்ன்லியில் உள்ள தன் படைவீரர் மயானத்தில் அந்தச் சின்னத்தோடு ஒரு நினைவுப் பலகை வைத்தது. அதே ஆண்டு வழக்கும் போட்டார்கள். 2007 ஏப்ரல் 23 அன்று சமரசம் ஏற்பட்டு, நட்சத்திரம் பட்டியலில் சேர்ந்தது. வழக்குச் செலவாக 2,25,000 டாலர் கொடுக்கவும் அரசு ஒப்புக்கொண்டது.

அன்றைய நடைமுறையில் புதுச் சின்னம் கேட்பவர்கள் தங்கள் மதத்தின் தலைமையிடத்திலிருந்து ஆவணம் கொண்டுவர வேண்டும். விக்காவுக்குத் தலைமை அலுவலகம் கிடையாது. நமக்கு மட்டும் என்ன இருக்கிறது? குலதெய்வத்துக்கு எந்தத் தலைமையகத்தில் கடிதம் வாங்குவது? நம் சின்னம் ஏற்கெனவே பட்டியலில் இருந்ததால் அந்த வலி நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இப்போதைய விதி நேர்மையானது. இறந்தவர் உயிரோடு இருந்தபோது உளமார நம்பியதைச் சின்னம் காட்ட வேண்டும். அந்த நம்பிக்கை மதமாகவோ அதற்கு ஈடானதாகவோ இருக்க வேண்டும். எந்த அமைப்பும் அதற்குச் சான்று தர வேண்டியதில்லை. இனம், பண்பாடு, அரசியல், தொழில், சங்கம் சார்ந்த சின்னங்களுக்கு இடமில்லை. படிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: விதி பேசுவது இறந்தவரின் நம்பிக்கையைப் பற்றி. கையெழுத்துப் போடுவதோ உயிரோடு இருப்பவர்.

என்னிடம் வந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கோவைப் பக்கத்துப் பெரியவர், மகனைப் பறிகொடுத்தவர். பக்கத்தில் மருமகள். படிவத்தைப் பார்த்ததும் பெரியவர், “ஓம் போட்டுடுங்க தம்பி, இதுல யோசிக்க என்ன இருக்கு” என்றார். மருமகள் மெதுவாக, “மாமா, அவர் சாமியே கும்பிட மாட்டாரு. உங்களுக்குத் தெரியாததா?” என்றார். “கும்பிடாட்டி என்னம்மா? அவங்கம்மா திருநீறு பூசிவிட்டா துடைச்சுக்க மாட்டானே!”

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. விதியின் கண்ணில் அந்த இரண்டு உண்மைக்கும் ஒரே எடை கிடையாது. அம்மா பூசியதைத் துடைக்காதது அம்மாமேல் வைத்த பாசம். நம்பிக்கை என்று கேட்டால், அவர் கழுத்தில் கிடந்த அடையாளத் தகட்டிலேயே பதில் பொறித்திருந்தது: ‘நோ ரிலிஜியஸ் ப்ரிஃபரன்ஸ்’, அதாவது மதம் எதுவும் குறிப்பிடவில்லை. இறந்தவரின் மனைவி என்ற முறையில் மருமகள்தான் கையெழுத்திட்டார். அணுச் சின்னத்தையும் அவர் கேட்கவில்லை, மாமாவுக்காக. கட்டத்தைக் காலியாக விட்டார்கள். எனக்கு அதுவே சரியென்று பட்டது. வேறு வக்கீல் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்.

தகட்டில் இருக்கும் மதம் தானாகக் கல்லுக்கு வந்துவிடாது, யாராவது படிவத்தில் குறித்தால்தான் வரும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. தகடு எப்போதும் உண்மை சொல்லும் என்றும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க யூத வீரர்களின் தகட்டில் ‘ஹீப்ரு’ என்பதைக் குறிக்கும் ‘ஹெச்’ என்ற எழுத்து இருக்கும். ஜெர்மானியர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று பயந்து தகட்டை மாற்றிக்கொண்டவர்களும் எறிந்தவர்களும் உண்டு. அப்படிச் சிலர் ஐரோப்பாவில் உள்ள அமெரிக்கப் போர் மயானங்களில் சிலுவையின் கீழ் அடக்கமானார்கள். ஆபரேஷன் பெஞ்சமின் என்ற அமைப்பு ஆவணங்களைத் தேடி, குடும்பத்தைக் கண்டுபிடித்து, எழுபது எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சிலுவைகளுக்குப் பதில் தாவீதின் நட்சத்திரம் வைக்க ஏற்பாடு செய்துவருகிறது.

அடிக்கடி வரும் கேள்வி: ஓம் வேண்டாம், வேல் வைக்கலாமா? கேட்க வழி இருக்கிறது. இறந்தவரின் நம்பிக்கை இதுதான் என்று உறுதிமொழி தர வேண்டும். மூன்று அங்குல விட்டத்தில் கறுப்பு வெள்ளையில் டிஜிட்டல் படம் தர வேண்டும். அந்தப் படத்துக்குக் காப்புரிமைச் சிக்கல் இருக்கக் கூடாது. காலண்டரில் இருக்கும் வேல் படத்தை ஸ்கேன் செய்து அனுப்பாதீர்கள், ஓவியம் தெரிந்த ஒருவரை வரையச் சொல்லுங்கள். கிடைக்குமா என்றால், முருக பக்தியின் அடையாளமாகக் கேட்டால் விதியின் சொற்களுக்குப் பொருந்துகிறது என்பது என் கருத்து. தமிழர் அடையாளம் என்று எழுதினால், இனச் சின்னம் என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிடுவார்கள். வில், புலி, கயல் கேட்பவர்களுக்கும் அதே பதில்தான். அய்யாவழி நாமம், லிங்கம், திருமண் எல்லாவற்றுக்கும் வேலுக்குச் சொன்னதே பொருந்தும்.

மதம் மாறியவர்கள், கலப்பு மணம் செய்தவர்கள் வீட்டில் சண்டை இன்னும் கடுமை. இந்துவாகப் பிறந்து ஞானஸ்நானம் பெற்ற பையனுக்குப் பெற்றோர் ஓம் கேட்பதும், சர்ச்சுக்கே போகாத பெண்ணுக்கு அண்ணன் சிலுவை கேட்பதும் நான் பார்க்கும் விஷயங்கள். சட்டம் படித்துத் தீர்க்கிற விவகாரமல்ல இது. சம்பந்தப்பட்டவர் எழுதி வைத்த ஒரு தாள் இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடியும்.

அதில் என்ன எழுதுவது? எந்தச் சின்னம், அல்லது சின்னமே வேண்டாமா, ஏன் என்று இரண்டு வரி, தேதி, கையெழுத்து. பணியில் இருப்பவர்கள் டிடி-93 படிவத்தையும் எடுத்துப் பார்க்கட்டும். இறுதிக் காரியங்களை முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு என்று அதில் ஒரு பெயர் இருக்கும். கல்யாணத்துக்கு முன்பு நிரப்பியதாக இருந்தால் இன்னமும் அப்பா பெயரோ அம்மா பெயரோ இருக்கலாம். மனைவிக்கு அது அன்றைக்குத்தான் தெரியவரும். பணியிலிருந்து வந்துவிட்டவர்கள், தேசிய மயானத்தில் இடம் பெறத் தகுதி உண்டா என்பதைப் படிவம் 40-10007 மூலம் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளலாம்.

எழுதிய தாளை பேங்க் லாக்கரில் பூட்டாதீர்கள். லாக்கரைத் திறக்க அனுமதி கிடைப்பதற்குள் கல்லுக்கு ஆர்டர் போயிருக்கும். ராணுவப் பணியிலிருந்து விடுபட்டதற்கான சான்றான டிடி-214 இருக்கும் ஃபைலிலேயே வையுங்கள். காரியம் நடத்துபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.