மூட்டைப்பூச்சி கடித்த இடம் ஏன் அரிக்கிறது, அதை வீட்டிலிருந்து எப்படி ஒழிப்பது

மூட்டைப்பூச்சி கடிக்கும்போது பெரும்பாலும் தெரிவதில்லை; அது கடித்துவிட்டுப் போன பிறகுதான் அரிப்பு தொடங்குகிறது. சிலருக்கு மறுநாள் காலையிலேயே கையிலும் கழுத்திலும் சிவந்த தடிப்புகள் வரிசையாகத் தெரியும். சிலருக்கு அவை தோன்ற 14 நாட்கள் வரைகூட ஆகலாம். இன்னும் சிலருக்கு ஒன்றுமே தெரியாது. வீட்டில் குழப்பம் பிறப்பது இந்த இடைவெளியில்தான். தடிப்பைக் கொசுக்கடி என்றோ, உணவு ஒவ்வாமை என்றோ, உடல் சூடு என்றோ எண்ணிக் களிம்பு மேல் களிம்பாகத் தடவுகிறோம். பூச்சி கண்ணில் பட்ட பிறகு, அச்சத்தில் படுக்கை முழுவதும் நஞ்சைத் தெளிக்கிறோம். பூச்சி எப்படி இரத்தம் குடிக்கிறது, தோல் அதற்கு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பவை புரிந்தால் இவ்விரண்டு தவறுகளையும் தவிர்த்துவிடலாம்.

மூட்டைப்பூச்சியின் தலைக்கு அடியில் ஓர் உறிஞ்சுகுழல் மடங்கிக் கிடக்கிறது. உறங்குபவரின் மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவும், உடல் வாடையும், நெருங்கியபின் உடல் வெப்பமும் வழிகாட்ட, அது ஊர்ந்து வந்து அந்தக் குழலை நிமிர்த்தித் தோலுக்குள் செலுத்துகிறது. குழலுக்குள் இரண்டு தடங்கள் உள்ளன: ஒன்றின் வழியே பூச்சியின் எச்சில் உள்ளே இறங்குகிறது, மற்றொன்றின் வழியே இரத்தம் மேலே ஏறுகிறது. காயம் பட்டால் இரத்தக் குழாயைச் சுருக்குவதும், தட்டணுக்களைத் திரட்டி அடைப்பதும், இரத்தத்தை உறைய வைப்பதும் நம் உடலின் இயல்பு. பூச்சியின் எச்சிலோ இம்மூன்றுக்கும் மாற்று வைத்திருக்கிறது. அதிலுள்ள நைட்ரோஃபோரின் என்ற புரதம் நைட்ரிக் ஆக்சைடைச் சுமந்து வந்து விடுவித்துக் குழாயை விரிக்கிறது; அபைரேஸ் என்ற நொதி தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கிறது; வேறொரு புரதம் உறைதலின் சங்கிலியை இடையில் அறுக்கிறது. இவ்வாறு 5 முதல் 10 நிமிடங்களில் வயிறு முட்டக் குடித்துவிட்டு, பூச்சி தன் இடுக்குக்குத் திரும்பிவிடுகிறது.

எஞ்சிப்போவது அந்த எச்சிலின் புரதங்கள்தாம். அவற்றை அயற்பொருளாக அடையாளம் காணும் நம் நோய் எதிர்ப்பு அமைப்பு, தோலில் உள்ள மாஸ்ட் செல்களைத் தூண்டி ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியிடச் செய்கிறது. ஹிஸ்டமின் நுண்குழாய்களிலிருந்து நீரைக் கசியவிடுவதால் தடிப்பு எழுகிறது. நரம்பு நுனிகளைத் தூண்டுவதால் அரிப்பு உண்டாகிறது. இந்த அடையாளம் காணும் வேலைக்குப் பயிற்சி தேவை என்பதால், முதன்முறை கடிபட்டவருக்கு எதிர்வினை தாமதமாகவே வரும். கடி தொடரத் தொடர அந்தத் தாமதம் குறைந்துகொண்டே போகும். ஒரே கட்டிலில் உறங்கும் இருவரில் ஒருவர் உடல் முழுதும் தடிப்போடு எழ, மற்றவர் தோல் தெளிவாக இருப்பதற்குக் காரணம், பூச்சி ஒருவரை மட்டும் தேடிக் கடிப்பது அன்று. இருவர் உடலும் வெவ்வேறாக எதிர்வினை காட்டுவதே. 'என்னைக் கடிக்கவில்லையே, உனக்கு வேறு ஏதோ ஒவ்வாமை' என்று வீட்டில் ஒருவர் சொன்னால் அதை ஏற்றுக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.

ஹிஸ்டமினுக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் உண்டு. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெஜீன் கிரீஸ், கெர்ஹார்ட் கிரீஸ் என்ற ஆய்வாளர் இணையர், மூட்டைப்பூச்சிகள் ஓரிடத்தில் கூடி வாழ்வதற்கான வேதிக் குறிப்பைப் பல ஆண்டுகள் தேடினர். ஆய்வுக்கூடப் பூச்சிகளுக்கு உணவாகத் தம் கையையே கொடுத்த ரெஜீன் கிரீஸ் ஏறத்தாழ 1,80,000 கடிகளைத் தாங்கினார். 2014 டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, எளிதில் ஆவியாகும் ஐந்து பொருட்கள் பூச்சிகளை மறைவிடத்துக்கு அழைக்கின்றன. வந்த பூச்சியை அங்கேயே தங்க வைப்பதோ அவை உரித்துப் போட்ட தோல்களில் இருக்கும் ஹிஸ்டமின். நம் தோலில் அரிப்பாகும் அதே மூலக்கூறு பூச்சிக்கு 'இங்கே இரு' என்ற சொல்லாகிறது. 2018-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூட்டைப்பூச்சி மண்டிய வீடுகளின் தூசியில் ஹிஸ்டமின் அளவு மற்ற வீடுகளைவிடக் குறைந்தது 20 மடங்கு இருப்பதையும், வெப்பத்தால் பூச்சிகளை ஒழித்த பின்பும் அது தூசியில் மாதக்கணக்கில் நீடிப்பதையும் பதிவு செய்தனர். ஆகவே பூச்சிகளைக் கொன்றதோடு நில்லாமல், மெத்தையின் தையல் ஓரங்களையும் கட்டிலின் மூலைகளையும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, ஈரத்துணியால் துடைத்து, உரித்த தோல்களையும் கழிவுகளையும் அகற்றுவது அவசியம்.

தேடும் இடம் தெரிந்தால் பூச்சியைக் காண்பது கடினமன்று. வளர்ந்த பூச்சி ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமும் ஆப்பிள் விதையின் வடிவும் செம்பழுப்பு நிறமும் கொண்டது. உடல் தட்டையாக இருப்பதால் மிக மெல்லிய இடுக்கிலும் நுழைந்துவிடும். இறக்கை இல்லை, குதிக்கவும் தெரியாது. மெத்தைத் தையல், கட்டில் சட்டங்கள் பொருந்தும் இடம், தலைமாட்டுப் பலகையின் பின்புறம், சுவரில் மாட்டிய படத்தின் பின்பக்கம், சுவிட்ச் பெட்டியின் விளிம்பு ஆகியவற்றில் பேனா மையால் புள்ளி வைத்ததுபோன்ற கரும்புள்ளிகள் இருந்தால் அவை பூச்சியின் எச்சம். ஈரத்துணியால் துடைத்தால் அந்தப் புள்ளி செம்பழுப்பாகப் பரவும், ஏனெனில் அது செரித்த இரத்தம். ஒரு பழைய அட்டையால் இடுக்குகளைக் கீறிப் பார்ப்பது, இருட்டில் கைவிளக்கை மட்டும் அடித்துப் பார்ப்பதைவிட அதிகம் வெளிப்படுத்தும்.

மனிதரை அண்டி வாழும் மூட்டைப்பூச்சிகளில் இரண்டு இனங்கள் முக்கியமானவை. குளிர்நாடுகளில் பரவலானது சைமெக்ஸ் லெக்டுலாரியஸ். தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்பநாடுகளில் பெரிதும் காணப்படுவது சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். இந்த வேறுபாடு பெயரளவில் நிற்பதன்று. கட்டில் கால்களுக்கு அடியில் வைக்கும் வழவழப்பான சுவருள்ள பொறிக் கிண்ணங்களிலிருந்து குளிர்நாட்டு இனத்தால் ஏறி வெளியேற முடிவதில்லை. நம் நாட்டு இனத்தின் கால் நுனியில் ஒட்டும் மயிர்கள் அதிகம் என்பதால் அது ஏறித் தப்பிவிடுகிறது என்பதை 2017-இல் மலேசிய ஆய்வாளர்கள் காட்டினர். வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்து அத்தகைய கிண்ணங்களை வாங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி, மருந்தடித்தும் பூச்சி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்ற கேள்வி. பெண் பூச்சி நாளொன்றுக்குச் சில முட்டைகளாக வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் இடுகிறது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள வெள்ளை முட்டைகள் மரத்தோடும் துணியோடும் பசைபோல் ஒட்டிக்கொள்கின்றன. பெரும்பாலான தெளிப்பு மருந்துகள் அவற்றை நன்றாகக் கொல்வதில்லை. ஒன்றிரண்டு வாரங்களில் பொரிந்து வரும் இளம்பூச்சி ஐந்து முறை தோலுரித்து வளர்கிறது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு வேளை இரத்தமாவது வேண்டும். உணவில்லாமலும் வாரக்கணக்கில், குளிர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் காத்திருக்கும் என்பதால், அறையைப் பூட்டிவிட்டுச் சில நாட்கள் வெளியூர் போய் வந்தால் பட்டினியில் செத்துவிடும் என்பது வீண் நம்பிக்கை. இதோடு எதிர்ப்புத்திறனும் சேர்ந்துகொள்கிறது. டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1947-இல், ஹவாயின் பேர்ல் ஹார்பர் படைக் குடியிருப்பில் அதற்கு மசியாத மூட்டைப்பூச்சிகள் காணப்பட்டன. இன்று கொசுவிரட்டிகளிலும் கரப்பான் ஸ்பிரேக்களிலும் இருக்கும் பைரித்ராய்டு மருந்துகள் பூச்சியின் நரம்பிலுள்ள சோடியம் வாயிலைத் தாக்குபவை. அந்த வாயிலின் அமைப்பே மரபணு மாற்றத்தால் மாறிவிட்ட பூச்சிகள் பல நாடுகளில் பரவியுள்ளன. சிலவற்றில் மேல்தோலே தடித்து மருந்தைத் தடுப்பதாக 2016-இல் சிட்னி பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தனர். அறை முழுவதும் புகையாக வெடிக்கும் டப்பாக்களால் மூட்டைப்பூச்சிக்குப் பயனில்லை. புகை இடுக்குக்குள் போவதில்லை.

எதிர்ப்புத்திறன் வளர்க்க இடம் தராத வழி வெப்பம். புரதங்கள் குலையும் வெப்பநிலையை எட்டினால் எந்தப் பூச்சியும் பிழைப்பதில்லை. 45 பாகை செல்சியஸில் வளர்ந்த பூச்சிகள் ஒன்றரை மணி நேரத்தில் இறக்க, முட்டைகளுக்கு ஏழு மணி நேரம் தேவைப்படுகிறது. 48 பாகையில் முட்டைகளும் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் மடிகின்றன. 55 பாகையை எட்டினால் எல்லாம் உடனே முடிந்துவிடும். மரக்கட்டிலின் பொருத்துகளில் கொதிநீர் ஊற்றிய நம் பாட்டிமார்களின் வழக்கம் இந்த அறிவியலோடு முழுதும் பொருந்துகிறது. விரிப்புகளையும் தலையணை உறைகளையும் 60 பாகை வெந்நீரில் துவைப்பதும், டிரையர் இருந்தால் அதிக வெப்பத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் சுழல விடுவதும் போதுமானவை. வெயிலைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: சித்திரை வெயிலில் மெத்தையின் மேற்பரப்பு கை வைக்க முடியாமல் சுட்டாலும், அடிப்புறமும் உட்பஞ்சும் அந்த வெப்பத்தை எட்டுவதில்லை, பூச்சிகள் நிழற்பக்கம் நகர்ந்துவிடும். தலையணை, பை போன்ற சிறு பொருட்களைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வைத்து, உள்ளே நடுவில் ஒரு வெப்பமானியையும் வைத்துப் பார்ப்பதே நம்பத்தக்கது. வெந்நீர் தாங்காத பொருட்களை மைனஸ் 18 பாகை உறைகுளிரில் நான்கு நாட்கள் வைத்தும் எடுக்கலாம்.

சுவர் விரிசல்களில் சிலிக்கா தூளையோ, பூச்சிக்கென விற்கப்படும் டயட்டம் மண்ணையோ (நுண்பாசிகளின் ஓடுகள் படிந்த தூள்) மிக மெல்லிதாகத் தூவலாம். அது பூச்சியின் உடலைப் போர்த்திய மெழுகுப் படலத்தை உறிஞ்சிவிடுவதால் பூச்சி நீரிழந்து காய்ந்து சாகிறது. மெத்தைக்கு ஜிப் வைத்த முழு உறை போட்டால் உள்ளே சிக்கியவை வெளிவர இயலாது. பால்கன் நாடுகளில் கட்டிலைச் சுற்றி இரவில் பீன்ஸ் இலைகளைப் பரப்பிக் காலையில் பூச்சிகளோடு கொளுத்திவிடுவார்களாம். இலையிலுள்ள கொக்கி மயிர்கள் பூச்சியின் காலைத் துளைத்து நிறுத்துவதை 2013-இல் நுண்ணோக்கி வழியே உறுதி செய்தனர். செய்யவே கூடாத காரியங்களும் இரண்டு உண்டு: மண்ணெண்ணெய் ஊற்றுவது தீ விபத்தை வலிய அழைப்பது, தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை அறையில் வைப்பது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவாகி உறங்குபவர்களைக் கொல்லும். இந்த இரண்டாவதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கடித்த இடத்துக்கு வருவோம். அரிப்பு நம் உடலே உண்டாக்கும் எதிர்வினை என்பதால், அங்கே தேவைப்படுவது பூச்சிமருந்தோ கிருமிநாசினியோ அன்று. ஹிஸ்டமினைத் தணிப்பதும் தோலின் அரணைக் காப்பதுமே. மென்மையான சோப்பால் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சில நிமிடங்கள் வைத்தால் குழாய்கள் சுருங்கி வீக்கம் குறையும். அதன்மேல் காலமைன் லோஷன் தடவலாம்; துத்தநாக ஆக்சைடும், அதற்கு இளஞ்சிவப்பு நிறம் தரும் இரும்பு ஆக்சைடும் கலந்த அது உலரும்போது குளிர்ச்சி தருகிறது, ஆனால் தோலையும் வறளச் செய்கிறது. வறண்ட தோல் தானே அரிக்கும் என்பதால், குளித்த ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர் தடவுவது நல்லது. அதைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தைப் பாராமல் புட்டியின் பின்புறத்தைப் பாருங்கள்: கிளிசரின், செராமைடு, பெட்ரோலியம் ஜெல்லி போன்றவை இருக்க வேண்டும், ஃபிராகிரன்ஸ், பர்ஃபம் என்ற சொற்கள் இருக்கக் கூடாது, ஏனெனில் நறுமணப் பொருட்கள் தொடு ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம். மூலிகை என்று எழுதியிருப்பதாலேயே ஒன்று மென்மையானதாகிவிடாது. எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயில் பட்டால் கொப்புளித்துக் கறுக்கும். கற்பூரத் தைலம் கைக்குழந்தைகளுக்கு வலிப்பையே வரவழைக்கலாம். புதிய பொருள் எதுவானாலும் முழங்கையின் உட்புறத்தில் சில நாட்கள் சிறிது தடவிப் பார்த்த பின்பே பயன்படுத்துங்கள்.

அரிப்பு கடுமையாக இருந்தால் ஒரு விழுக்காடு ஹைட்ரோகார்டிசோன் களிம்பைச் சில நாட்களுக்கு மட்டும் பூசலாம். செடிரிசின் போன்ற மாத்திரை ஹிஸ்டமினின் வாயிலை அடைத்து இரவில் உறங்க உதவும். குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் மருத்துவரைக் கேட்டே தர வேண்டும். மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கும், வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்புகளைத் தவிர்த்துவிடுங்கள். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து வரிகள் விழும், முகத்தில் பூசினால் சிவப்பும் பருவும் நிலைத்துவிடும். நகங்களைக் குறுக வெட்டுவது சாதாரண யோசனையாகத் தோன்றினாலும், நம் நிறத் தோலில் சொறிந்த புண் ஆறிய பிறகும் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்பதால் மிகப் பயனுள்ளது. விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் அரித்து, வீட்டில் பலருக்கும் பரவினால் அது மூட்டைப்பூச்சியாக இல்லாமல் சிரங்கு உண்ணியாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. சீழ், காய்ச்சல், முகவீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஒழிப்பு வேலை முடிந்த பிறகும் தாமதித்து எழும் தடிப்புகள் இரண்டு வாரங்கள் வரை தோன்றக்கூடும். பழைய தடிப்புகளும் சில நேரம் மீண்டும் சிவக்கும். அவற்றைக் கண்டு பதறி மறுபடி மருந்தடிக்காமல், வாரத்துக்கு ஒருமுறை வெள்ளை விரிப்பை மாற்றி, தையல் ஓரங்களில் புதிய கரும்புள்ளி இருக்கிறதா என்று இரண்டு மாதங்களாவது பார்த்துவாருங்கள். பூச்சி மிச்சமிருந்தால் அது அங்கேதான் தெரியும்.