தாயின் ரத்தக் குழாய்க்குள் நுழையும் கருவின் செல்கள்

கருத்தரித்த ஆறேழு நாளில் கரு கருப்பையின் உட்சுவரில் ஒட்டத் தொடங்குகிறது. அப்போது அதன் அளவு சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். குழந்தையாகப் போகும் செல்கள் உள்ளே சிறு கொத்தாக இருக்க, முதலில் வேலையில் இறங்குவது வெளியடுக்கு. ட்ரோஃபோபிளாஸ்ட் எனப்படும் இந்தச் செல்களிலிருந்துதான் பிறகு நஞ்சுக்கொடி உருவாகிறது.

தாயின் பக்கமும் சும்மா இருப்பதில்லை. புரோஜெஸ்டிரோன் ஹார்மோனால் கருப்பையின் உட்சுவர் தடித்து, தன்மையே மாறிவிடுகிறது. மனிதர்களில் இந்த மாற்றம் கரு வரும்வரை காத்திருப்பதில்லை. மாதாமாதம் தொடங்கும், கரு வராவிட்டால் மாதவிடாயாக வெளியேறும். கரு தங்கிவிட்டால் அங்கே ஒருவகை வெள்ளையணுக்கள் பெருமளவில் குவிகின்றன. அவை என்.கே. செல்கள். முதல் மூன்று மாதங்களில் அந்தச் சுவரிலுள்ள நோய் எதிர்ப்புச் செல்களில் சுமார் 70 சதவீதம் இவைதான்.

கருவின் மரபணுக்களில் பாதி தந்தையுடையவை. மாற்றுச் சிறுநீரகத்தை எதிர்க்கும் உடல், இதை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது? 1953-ல் பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடவார் இந்தக் கேள்வியை எழுப்பினார். தாயின் எதிர்ப்புச் சக்தி அந்த இடத்தில் தூங்கிவிடுகிறது என்று இன்றும் சொல்லக் கேட்கிறோம். அது சரியான விளக்கம் இல்லை. தாயின் திசுவுக்குள் ஊடுருவும் ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள், செல்லின் அடையாள அட்டை போன்ற ஹெச்.எல்.ஏ. புரதங்களில், உறுப்பு மாற்று சிகிச்சையில் பெரும் சிக்கல் தரும் ஏ, பி வகைகளைத் தம் மேற்பரப்பில் காட்டுவதே இல்லை. சி, ஈ, ஜி ஆகியவற்றை மட்டும் காட்டுகின்றன. என்.கே. செல்கள் தம் ஏற்பிகளால் அவற்றைத் தொட்டு அறிந்து, அதற்கேற்ப வேதிச் சமிக்ஞைகளைச் சுரக்கின்றன. அவற்றில் சில, ஊடுருவும் செல்களை இன்னும் உள்ளே வரத் தூண்டுபவை. ஆகவே இங்கே நடப்பது தூக்கம் அல்ல, விழிப்பான உரையாடல்.

இந்த உரையாடலின் பலனைச் சுருள் தமனிகளில் பார்க்கலாம். கருப்பைச் சுவருக்கு ரத்தம் கொண்டுவரும் இந்தக் குழாய்கள் குறுகலானவை. சுற்றிலும் தசை இருப்பதால் சுருங்கி விரியக்கூடியவை. ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள் திசு வழியாக நகர்ந்து இவற்றை அடைகின்றன. குழாயின் உள்ளேயும் புகுந்து, தசையைக் கரைத்து, உட்பூச்சின் இடத்தைத் தாமே பிடித்துக்கொள்கின்றன. தசை போனதும் குழாய் புனல்போல விரிந்துவிடும். தாயின் உடல் நினைத்தாலும் அதைச் சுருக்க முடியாது. ரத்தம் பீறிட்டு அடிக்காமல், மெதுவாகவும் தாராளமாகவும் வந்து நஞ்சுக்கொடியை நனைக்கும். பிரசவம் நெருங்கும்போது நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கருப்பைக்கு வருகிறது.

ஆனால் முதலிலேயே இந்த வெள்ளம் வந்தால் கரு தாங்காது. அதனால் குழாயின் வாயில் அதே செல்கள் திரண்டு அடைப்பாக நிற்கின்றன. ஏறக்குறைய 10-12 வாரம் வரை திரவம் மட்டும் கசியும், சிவப்பணுக்கள் பெரும்பாலும் உள்ளே போகாது. ஆக்சிஜன் குறைவான அந்தச் சூழலில்தான் கருவின் உறுப்புகள் உருவாகின்றன. அதுவரை உணவு? கருப்பைச் சுரப்பிகள் தரும் சத்துநீர்தான். முதல் மூன்று மாதத்தில் வாந்தியால் சரியாகச் சாப்பிட முடியாமல் தவிக்கும் பெண்களுக்கு இது கொஞ்சம் ஆறுதல் தரும் செய்தி.

எவ்வளவு ஆழம் போவது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சிசேரியன் தழும்பு இருக்கும் இடத்தில் உட்சுவர் சரியாக உருவாகாது. அங்கே கரு ஒட்டினால் தடுத்து நிறுத்த ஆளில்லாமல் செல்கள் தசைக்குள்ளேயே இறங்கிவிடலாம். பிரசவத்தில் நஞ்சுக்கொடி பிரியாமல் ஆபத்தான ரத்தப்போக்கு ஏற்படும். ஊடுருவல் போதாமல் போனால் குழாய்கள் குறுகலாகவே நின்றுவிடும். ப்ரீஎக்லாம்ப்சியா எனும் கர்ப்பகால உயர் ரத்த அழுத்த நோய்க்கும், குழந்தையின் எடை குறைவதற்கும் இது முக்கியக் காரணம். தாயின் என்.கே. ஏற்பிகளில் சில வகைகளும், குழந்தைக்குத் தந்தைவழி வரும் ஹெச்.எல்.ஏ.-சியின் ஒரு வகையும் சேரும்போது இந்த ஆபத்து கூடுகிறது என்பதை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆய்வாளர் ஆஷ்லி மோஃபெட்டின் குழு காட்டியது. தாயை மட்டும் குறைசொல்லும் வழக்கத்துக்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை.

பி.பி. ஏறுவதும் சிறுநீரில் புரதம் தெரிவதும் 20 வாரத்துக்குப் பிறகுதான். கோளாறோ அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடுகிறது. அதனால்தான் ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு மருத்துவர்கள் குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரத்துக்கு முன்பே தொடங்கப் பார்க்கிறார்கள். முதல் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு ஐந்தாம் மாதத்தில் போனால், அந்த வாய்ப்பு கைநழுவியிருக்கும்.