ஜீர்ணோத்தாரணம்: புதுக்குவதும் பேணுவதும் ஒன்றா?

சென்ற தை மாதம் ஒரு மஞ்சள் அழைப்பிதழ் வீட்டுக்கு வந்தது. 'ஜீர்ணோத்தாரண அஷ்டபந்தன மகா கும்பாபிஷேகம்' என்ற தலைப்பைப் படித்து முடிப்பதற்குள்ளேயே மூச்சு வாங்கியது. எட்டாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகள் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "சித்தப்பா, சாமிக்கு ஜீரணம் ஆகவில்லையா?" என்று கேட்டாள். வீடே சிரித்தது. ஆனால் சொல்லின் பிறப்பைப் பார்த்தால் பிள்ளை கேட்டதில் பாதி சரி.

'ஜீர்ண' என்ற வடசொல்லுக்கு மூத்துத் தளர்ந்தது, நைந்தது, சிதைந்தது என்று பொருள். வயிற்றில் போன சோறு சிதைந்து கரைவதற்கும் இதே சொல்தான். நாம் ஜீரணம், அஜீரணம் என்பதெல்லாம் இதன் வழி வந்தவை. முதுமையைக் குறிக்கும் 'ஜரா'வும் இதே வேரில் கிளைத்தது. 'உத்தாரணம்' என்றால் மேலே தூக்கிவிடுதல், மீட்டெடுத்தல். ஆக, ஜீர்ணோத்தாரணம் என்பது சிதைந்துபோனதைத் தூக்கி நிறுத்துதல். சிலர் இதைச் 'சீர்ணோத்தாரணம்' என்று எழுதுகிறார்கள். அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு 'சீர்' என்ற தமிழ்ச் சொல்லோடு முடிச்சுப் போடுபவர்களும் உண்டு. சீரமைப்பில் உள்ள சீர் வேறு, இந்தச் சீர்ணம் வேறு. சொல்லப்போனால் இரண்டும் நேர் எதிர்ப் பொருள் உடையவை.

கோயில் வழக்கில் குடமுழுக்கை நான்கு வகையாகச் சொல்வார்கள். புதிதாக எழுப்பிய கோயிலுக்குச் செய்வது ஆவர்த்தம். பழுதைச் சரிசெய்து மறுபடி செய்வது புனராவர்த்தம். ஜீர்ணோத்தாரணம் சேர்வது இந்த இரண்டாவதோடு. மற்ற இரண்டும் இங்கே வேண்டியதில்லை. 'புனர்' என்றால் மறுபடியும். நாளிதழ்கள் நாள்தோறும் எழுதும் 'புனரமைப்பு' இந்த வடமொழிப் புனரும் தமிழ் அமைப்பும் ஒட்டிய கலப்புச் சொல். ஈழத்தில் கோயில் அழைப்பிதழ்களில் 'புனருத்தாரணம்' என்று போடுவார்கள்.

அழைப்பிதழில் உள்ள அடுத்த சொல் அஷ்டபந்தனம். சிலையையும் பீடத்தையும் பிணைக்கும் எட்டுச் சரக்கு மருந்து அது. கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துக் கல்லில் போட்டு நாள்கணக்கில் இடிப்பார்கள். இடிக்க இடிக்கச் சூடேறி மெழுகுபோல் இளகும். ஆறினால் கல்லாகும். இந்த வேலைக்கு 'மருந்து சாத்துதல்' என்று அழகான தமிழ்ப் பெயர் ஊர்ப்புறத்தில் இருக்கிறது. அழைப்பிதழில்தான் அது ஏறுவதில்லை.

சரி, ஜீர்ணோத்தாரணத்துக்குத் தமிழ் என்ன? புதிதாக ஒன்றும் உருவாக்க வேண்டாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளாகக் கல்லிலேயே இருக்கிறது. புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் சித்தன்னவாசல் குகைக்கோயிலில் 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் செய்த பணியை அது பாட்டாகவே சொல்கிறது. அவர் 'அகமண்டகம் புதுக்கி', அதன் முன்னே முகமண்டகமும் எடுத்தார். உள்ளே இருந்ததைப் புதுக்கினார், வெளியே இல்லாததைக் கட்டினார். இரண்டுக்கும் இரண்டு வினைகள் இருப்பதைக் கவனியுங்கள். பெரு என்பதிலிருந்து பெருக்கு வருவதுபோல, புது என்பதிலிருந்து புதுக்கு வருகிறது.

இன்னொரு கல்வெட்டுச் சொல் 'புதுக்குப்புறம்'. கோயிலில் பழுது நேரும்போதெல்லாம் பார்த்துக்கொள்ள, அதன் வருமானம் உதவட்டும் என்றே ஒதுக்கிய நிலம் அது. மடப்புறம், அறப்புறம் வரிசையில் வருவது. பழுது வந்தபின் உண்டியல் குலுக்காமல், வரும் முன்பே நிலம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இன்றைய அலுவலகத் தமிழில் 'பராமரிப்பு நிதி ஒதுக்கீடு' என்று மூன்று சொல்லில் இழுப்பதைப் புதுக்குப்புறம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது.

பொற்கொல்லர் தெருவில் இந்த வினை இன்றும் உயிரோடு இருக்கிறது. கறுத்த நகையைக் கொண்டுபோனால் "புதுக்கித் தரட்டுமா?" என்று கேட்பார்கள். நகை பளபளவென்று திரும்பி வரும். ஆனால் தராசில் வைத்தால் எடை ஒரு நூலளவு குறைந்திருக்கும். தேய்க்காமல் மெருகு ஏறாது. தேய்த்தால் பொன் போகும். என் பாட்டி அதனால்தான் தன் அட்டிகையைக் கடைசி வரை புதுக்கவிடவில்லை. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுப்பாள்.

பாட்டி செய்தது புதுக்குதல் அல்ல. அதற்குப் பெயர் பேணுதல். தமிழில் பழஞ்சின்னங்களைப் பற்றி எழுதும்போது நமக்குச் சறுக்குவது இந்த இடத்தில்தான். கன்சர்வேஷன், ரெஸ்டொரேஷன், ரெனோவேஷன் என்று வேறு ஊர்க்காரர்கள் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கும் வேலைகளை எல்லாம் 'புதுப்பித்தல்' என்ற ஒரே குடத்தில் ஊற்றிவிடுகிறோம். 'ஆயிரம் ஆண்டுப் பழமையான கோயில் புதுப்பொலிவு பெறுகிறது' என்ற தலைப்பைப் படித்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. புதுப்பொலிவு என்பது அங்கே மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுரண்டியதாக இருக்கலாம், சுதைச் சிற்பத்துக்கு எனாமல் பெயின்ட் அடித்ததாக இருக்கலாம். மணலை அழுத்தத்தில் பீய்ச்சினால் அழுக்கோடு கல்லின் மேல்தோலும் உரிந்துவிடுகிறது, உளியின் நுண்கோடுகளும் எழுத்தின் ஓரங்களும் மழுங்குகின்றன. பொற்கொல்லர் தராசில் பார்த்த அதே சேதாரம், இங்கே கருங்கல்லில்.

'பேண்' பழைய வேர். விரும்புதல், மதித்தல், காத்தல் மூன்றும் அதற்குள் உண்டு. முதியோரைப் பேணுதல் என்கிறோம். தாத்தாவை யாரும் புதுப்பிப்பதில்லை. அவர் தாத்தாவாகவே இருக்க வேண்டும், ஆனால் விழுந்துவிடக் கூடாது. கன்சர்வேஷனுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆகவே என் பரிந்துரை: இருப்பதை இருக்கிறபடியே நீடிக்கச் செய்வது பேணல். விழுந்த பகுதியைச் சான்று உள்ள அளவுக்கு எழுப்புவது மீட்டமைத்தல். புதிதாக்குவது புதுக்குதல். பழஞ்சின்னங்களைப் பேணுவதற்கான பன்னாட்டு வழிகாட்டியான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. 'பழுதுபார்த்தல்' தனி. அந்தச் சொல் எனக்கு ரொம்பவே பிடிக்கும். வைத்தியம் பார்ப்பதுபோல, பழுதையும் முதலில் பார்க்கத்தான் வேண்டும் என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

'மராமத்து' இந்தக் கூட்டத்தில் வெளியூர் விருந்தாளி. அரபியில் பழுது நீக்குதலைக் குறிக்கும் சொல், பாரசீகம், உருது வழியாக வந்து வருவாய்க் கணக்குகளில் குடியேறிவிட்டது. பொதுப்பணித் துறை முன்பு மராமத்து இலாகா. ஊரார் கூடி ஏரி, வாய்க்காலைத் தூர்வாரும் குடிமராமத்தை 1858ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் கட்டாய உழைப்பாகவும் ஆக்கியது. ஏரிக்கரைக்கு இது சரி. சிற்பத்துக்கு மராமத்து என்றால் ஏதோ சாக்கடை அடைப்பு எடுப்பதுபோல் ஒலிக்கிறது.

இன்னொரு சொல்லைச் சொல்லாமல் போக மனமில்லை. திருப்பணி நடக்கும்போது மூலவரின் ஆற்றலை வேறொரு சிறு இடத்தில் எழுந்தருளச் செய்வதைப் பாலாலயம் என்கிறார்கள். பால என்றால் இளைய. அதன் அச்சு அசலான தமிழ் தேவாரத்திலேயே இருக்கிறது: இளங்கோயில். திருமீயச்சூரில் சம்பந்தர் பாடியது பெருங்கோயிலை, அப்பர் பாடியது அதே வளாகத்து இளங்கோயிலை. அப்பர் காலத்தில் பெரிய கோயிலில் திருப்பணி நடந்திருக்க வேண்டும் என்று அறிஞர் பலர் கருதுவது இந்தப் பெயரை வைத்துத்தான். பாலாலயம் இளங்கோயிலின் மொழிபெயர்ப்பா, இளங்கோயில் பாலாலயத்தின் மொழிபெயர்ப்பா என்று பட்டிமன்றம் வைக்கலாம். நான் நடுவராக வரமாட்டேன்.

பழங்காலத்தார் எல்லாம் பேணினார்கள், நாம்தான் கெடுக்கிறோம் என்று சொல்ல வரவில்லை. சோழ மன்னர் கண்டராதித்தரின் தேவியார் செம்பியன் மாதேவி எத்தனையோ செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக, அதாவது கற்கோயில்களாக மாற்றினார். செங்கல் கோயில்கள் போயே போயின. அவர் செய்தது சந்தேகமில்லாமல் புதுக்குதல்தான். ஆனால் திருக்கோடிகாவலில் ஒரு காரியம் செய்தார். பழைய கட்டடத்தில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டவைத்து, 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று குறிக்கவும் வைத்தார். பழைய கல்லின் பிரதி இது, மூலம் அன்று என்று கல்லே வாக்குமூலம் தருகிறது. திருமழபாடியிலும் இதே நேர்மை. ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், விமானத்தைப் பிரித்துக் கட்ட உத்தரவிட்டபோது, பிரிக்கும் முன் சுவரின் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னான். ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அந்தப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி கல்லில் வெட்டினார்கள். ஆவணப்படுத்துதல் என்று இன்று பத்து எழுத்தில் சொல்வதை அவர்கள் 'படி' என்ற இரண்டே எழுத்தில் முடித்தார்கள்.

புதுக்குதல் சில நேரம் தெரியாமலேயே பேணலும் ஆகிவிடும். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் காலத்தில் சோழர் ஓவியத்தின்மேல் காரை பூசிப் புது ஓவியம் தீட்டினார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறியும் வரை அடியில் சோழர் ஓவியம் இருப்பது வெளியுலகுக்குத் தெரியாது. மேல் பூச்சுதான் அதைப் புகையிலிருந்தும் கையிலிருந்தும் காத்திருக்கிறது. பின்னாளில் தொல்லியல் துறை மேலடுக்கைக் கிழியாமல் உரித்துத் தனிப் பலகையில் பொருத்தி, இரண்டையும் காப்பாற்றியது. எனாமலுக்கு இந்தக் கருணை இல்லை. சிமென்ட்டுக்கும் இல்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் அரைத்த சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அடைத்துக்கொள்ளும், உள்ளே தேங்கும் உப்பு பக்கத்துக் கல்லையும் செங்கல்லையும் அரிக்கும்.

பேணுவதா, புதுக்குவதா என்பது கோயிலோடு நிற்கும் கேள்வியும் அல்ல. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை மறுபடி எழுப்புவதா, எரிந்த சுவர்களை அப்படியே சாட்சியாக நிறுத்துவதா என்று வாதம் நடந்தது. கடைசியில் பழைய தோற்றத்திலேயே எழுப்பினார்கள்.

கோயில் தரப்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். விளக்கெரியும் கோயில் அருங்காட்சியகம் அல்ல. பின்னப்பட்ட, அதாவது உடைந்த திருமேனிக்குப் பூசை கூடாது என்பது அவர்கள் நெறி. எண்ணெயும் பாலும் கூட்டமும் தினமும் அங்கே உண்டு. சின்னமாக மட்டும் பார்ப்பவருக்கு இது புரிவதில்லை. சாமியாக மட்டும் பார்ப்பவருக்குக் கல்வெட்டு கண்ணில் படுவதில்லை. கோயில்களையும் பழஞ்சின்னங்களையும் காப்பது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் 2021 ஜூனில் 75 கட்டளைகள் பிறப்பிக்க வேண்டியிருந்தது இந்த இருவருக்கும் நடுவில் யாரும் பேசாததால்தான் என்று நினைக்கிறேன். பேசினால் நடக்கும் என்பதற்குத் திருவரங்கம் இருக்கிறது. அங்கே நடந்த பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. பூசையும் நிற்கவில்லை.

மஞ்சள் அழைப்பிதழுக்கு வருகிறேன். அது மெய்ப்புப் படி. கொஞ்சம் தமிழ் தெரிந்தவன் என்பதால் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கோயிலை நேரில் பார்க்கப் போனேன். பிராகாரம் முழுக்கப் பளபளக்கும் புதுக் கிரானைட் பலகைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பழைய தரையின்மேலேயே பதிக்கும் ஏற்பாடு. மேற்குப் பக்கத்தில் ஏற்கெனவே பதித்தாகிவிட்டது. கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் ஜகதி என்ற கீழ்ப் படை அங்கே பாதி தரைக்குள் போயிருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்கும் வரி தெரிந்தது, அதற்குக் கீழ் வரியில் எழுத்துகளின் தலைகள் மட்டும் தெரிந்தன. அதற்கும் கீழே சிமென்ட்.

ஜீர்ணோத்தாரணத்தை அடித்துவிட்டுப் 'பழுதுபார்ப்பு' என்று எழுதிக் கொடுத்தேன். கமிட்டியில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "தம்பி, நல்ல காரியத்துக்கு அச்சடிக்கிறோம். பழுது என்று தொடங்கினால் எப்படி?"

"அப்படியானால் புதுக்கு என்று போடலாமா, ஐயா? கல்வெட்டில் உள்ள சொல்."

"எந்தக் கல்வெட்டு?"

மேற்குப் பக்கம் அழைத்துப் போய், பாதி புதைந்த வரியைக் காட்டினேன். அவர் குனிந்து, வேட்டி நுனியால் தூசியைத் துடைத்து, எழுத்தின்மேல் விரல் வைத்துப் பார்த்தார். அந்தக் கல்வெட்டில் 'புதுக்கு' என்ற சொல் இல்லை. நான் அதைச் சொல்லவும் இல்லை.

அழைப்பிதழ் கடைசியில் 'திருப்பணி' என்றே அச்சாகி வந்தது. கட்டுவது, இடிப்பது, பூசுவது எல்லாவற்றுக்கும் பொருந்தும் பொதுச்சொல், யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் குடமுழுக்கன்று வலம் வந்தபோது பார்த்தேன். வடக்குப் பக்கம் கிரானைட் பலகை அதிட்டானத்தைத் தொடாமல் ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது. இடையில் வெறும் மண், அதில் யாரோ அருகம்புல் பதித்திருந்தார்கள்.